சென்னை லிவர் ட்யூமர் க்ளினிக் ரிவ்யூ: டாக்டருங்களுக்கு முழு மார்க், பில்லிங்குக்கு பாஸ் மார்க் கூட இல்ல

ஹாஸ்பிடல் ரிவ்யூன்னா எல்லாரும் பார்க்கிங் இருந்துச்சா, ஏசி ஓடுச்சா, நர்ஸ் சிரிச்சு பேசுனாங்களான்னு எழுதுறாங்க. லிவர்ல அபூர்வமான கட்டி வந்த வீட்டுக்கு அதெல்லாம் ஒரு விஷயமே இல்ல. அந்த கட்டிக்கு சரியான பேர் என்னன்னு கண்டுபிடிக்கற ஆள் அந்த பில்டிங்குக்குள்ள இருக்காரா இல்லையா, அதுதான் முதல் கேள்வி, மிச்சமெல்லாம் அதுக்கு அப்பறம். அந்த ஒரு கேள்விய வச்சுத்தான் இத எழுதுறேன். சென்னைல ஒரு பெரிய ப்ரைவேட் ஹாஸ்பிடல்ல வாரம் ஒரு நாள் நடக்கற லிவர் ட்யூமர் க்ளினிக். பேர் போடல, ஏன்னா நடுவுல திட்டவும் போறேன், அதுக்கு முன்னாடி போன ரெண்டு இடத்தையும் திட்டப் போறேன்.

யாருக்குன்னா என் அக்கா பையனுக்கு. 21 வயசு, இன்ஜினியரிங் கடைசி வருஷம், ஊர் திண்டுக்கல் பக்கம். சாப்பிட்டா வயிறு ரொம்புன மாதிரி இருக்கு, வலது பக்கம் இழுத்து பிடிக்குதுன்னு சொல்லிட்டே இருந்தான், அக்கா கேஸுன்னு நெனச்சு பெருங்காயம் கரைச்சு குடுத்துட்டு இருந்துச்சு. கடைசில ஊர்லயே ஒரு ஸ்கேன் சென்டர்ல வயித்து ஸ்கேன் எடுத்தா வலது பக்க லிவர்ல 10 சென்டிமீட்டருக்கு மேல ஒரு கட்டி, நடுவுல தழும்பு மாதிரி ஒரு கோடு. அந்த நடுத் தழும்ப பாத்துட்டு அவங்க எழுதுனது எஃப்என்ஹெச், அதாவது கேன்சர் இல்லாத சாதா கட்டி, ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னுட்டாங்க. வீட்ல எல்லாரும் கோயிலுக்கு போய் தேங்காய் உடைச்சாச்சு. நல்ல வேளையா எங்க குடும்ப டாக்டர், வயசானவரு, ரிப்போர்ட்ட பாத்துட்டு இவ்ளோ பெருசா இருக்கு, வலியும் இருக்கு, அல்ட்ராசவுண்ட மட்டும் நம்பி உக்காராதீங்கன்னு சி.டி. எடுக்க அனுப்புனாரு. அந்த மனுஷனுக்கு இந்த ரிவ்யூல தனியா அஞ்சு ஸ்டார்.

ரெண்டாவது இடம் பக்கத்து சிட்டில ஒரு மல்டி ஸ்பெஷாலிட்டி. அங்க சி.டி., அப்பறம் ஊசி போட்டு பயாப்சி, எல்லாம் வேகமா பண்ணாங்க, அதுல குறை சொல்ல மாட்டேன். ரிப்போர்ட் வந்துச்சு: ஹெபட்டோசெல்லுலார் கார்சினோமா, அதாவது எல்லாருக்கும் தெரிஞ்ச சாதாரண வகை லிவர் கேன்சர். உடனே டாக்டர் கேட்ட கேள்வி, எங்கள வெளிய போகச் சொல்லிட்டு பையன்கிட்ட தனியா, "தம்பி உண்மைய சொல்லு, எத்தன வருஷமா குடிக்கற?" அவன் காலேஜ் டூர்ல கூட பீர் தொடாத பய. ஹெபடைடிஸ் பி நெகட்டிவ், சி நெகட்டிவ், ஃபைப்ரோஸ்கேன்ல லிவர் பஞ்சு மாதிரி நார்மல், சுகர் இல்ல, உடம்பு ஒல்லி. லிவர் கேன்சருக்கு பாக்கற ஏஎஃப்பி ரத்த டெஸ்ட் கூட நார்மல். இவ்வளவும் நார்மலா இருக்கற 21 வயசு பையனுக்கு 60 வயசுல லிவர் தழும்பாகி இறுகிப் போய் சிரோசிஸ் வந்தவங்களுக்கு வர்ற நோய் எப்படி வந்துச்சுன்னு ஒருத்தரும் நின்னு யோசிக்கல. அதான் என் குறை. ரிப்போர்ட்ல பேர் வந்துருச்சு, அடுத்து என்ன, டேஸ் பண்ணலாம், அதாவது தொடை வழியா ட்யூப் விட்டு கட்டிக்கு போற ரத்தக் குழாய்லயே மருந்து விட்டு அடைக்கறது, அப்பறம் ட்ரான்ஸ்பிளான்ட்டுக்கு பேர் குடுங்கன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டாங்க. அக்கா அங்கயே நான் தர்றேன்னு சொல்லிருச்சு. நானும் தர்றேன்னேன், அப்பதான் தெரிஞ்சது உறுப்பு தான சட்டத்துல தாய்மாமன் நெருங்கிய சொந்தத்துல வர மாட்டான், அப்பா அம்மா, கூடப் பிறந்தவங்க, தாத்தா பாட்டி எல்லாம் வருவாங்க, மாமன் குடுக்கறதுன்னா அங்கீகாரக் கமிட்டி முன்னாடி போய் நிக்கணும். சீர் செய்ய மட்டும் மாமன் முதல் ஆளு.

சொந்தக்காரங்க இன்னொரு பக்கம். லிவர்னு சொன்னதும் கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, யாரோ ஒரு வைத்தியர் அட்ரஸ். மஞ்சக் காமாலையே இல்லாதவனுக்கு கீழாநெல்லி எதுக்குன்னு கேட்டா பெரியவங்கள எதுத்து பேசறான்னு பேரு.

சரி, இப்ப சென்னை. ஒரு ஃப்ரெண்டோட அண்ணன் டாக்டர், அவரு போன்ல சொன்னது ஒரே ஒரு விஷயம்: "ஃபிலிம தூக்கிட்டு போகாதீங்க. சி.டி. ஸ்கேனோட முழு டேட்டா உள்ள டிஸ்க், பயாப்சி ஸ்லைடு, முக்கியமா பாரஃபின் ப்ளாக், இந்த மூணும் கைல இல்லாம கிளம்பாதீங்க." ப்ளாக்னா ஊசில எடுத்த அந்த சின்ன சதைய மெழுகுல பதிச்சு வச்சிருப்பாங்க, அதுலேர்ந்துதான் மெல்லிசா சீவி சீவி புது ஸ்லைடு போட முடியும். பழைய ஸ்லைட மட்டும் எடுத்துட்டு போனா பாத்தத திரும்பப் பாக்கலாம், புதுசா டெஸ்ட் பண்றது கஷ்டம்.

அந்த ப்ளாக்க வாங்க ரெண்டாவது இடத்துல பட்ட பாடு இருக்கே. லேப்ல கேட்டா மெடிக்கல் ரெகார்ட்ஸ்ல கேளுங்க, அங்க போனா டாக்டர் லெட்டர் வேணும், டாக்டர் லீவு. கடைசில எழுதிக் குடுத்து கையெழுத்து போட்டு வாங்குனோம். ஒரு விஷயம் எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கங்க, பேஷன்ட்டோ அவரு சார்பா வர்றவரோ ரெகார்ட்ஸ் கேட்டு எழுதிக் குடுத்தா 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும்னு 2002 மருத்துவக் கவுன்சில் விதிலயே இருக்கு. சண்டை போட வேணாம், அந்த விதிய ஒரு வரி லெட்டர்ல சேத்தா போதும், முகம் மாறுது.

க்ளினிக்குக்கு போன அன்னிக்கு முதல்ல பாத்தது டாக்டர் இல்ல, ஒரு கோஆர்டினேட்டர் அக்கா. அவங்க ஒரு ஃபார்ம் குடுத்து நிரப்பச் சொன்னாங்க, அதுல இருந்த கேள்விங்களப் பாத்து எனக்கு ஆச்சரியம். குடி, ஹெபடைடிஸ் எல்லாம் இருந்துச்சு, கூடவே என்ன வேலை பாத்தீங்க, பிவிசி தயாரிக்கற ஃபேக்டரில இருந்தீங்களா, ஆர்செனிக் கலந்த தண்ணி குடிக்கற ஊரா, மசில் ஏத்த ஸ்டீராய்டு எடுத்தீங்களான்னு. எதுக்கு பிவிசின்னு கேட்டேன். அமெரிக்கால கென்டக்கி மாநிலம் லூயிவில்ல ஒரு பிவிசி ஃபேக்டரில வேலை பாத்தவங்களுக்கு லிவர்ல ஆஞ்சியோசார்கோமாங்கற ரத்தக் குழாய் கேன்சர் வரிசையா வந்தது 1974ல வெளிய வந்துச்சாம், வினைல் க்ளோரைடு கேஸுதான் காரணம். அந்த வகைய ஊசி போட்டு குத்துனா உள்ள ரத்தம் கொட்டற ஆபத்து இருக்கு, ட்ரான்ஸ்பிளான்ட்டும் பண்ணக் கூடாது, சீக்கிரமே திரும்பி வந்துரும், அதனால முதல்லயே கேட்டு வச்சுக்கறோம்னாங்க. ரிசப்ஷன் பக்கத்துல உக்காந்து ஃபார்ம் வாங்கற ஒருத்தங்களுக்கு இவ்வளவு தெரிஞ்சிருக்கேன்னு அப்பவே எனக்கு பாதி நம்பிக்கை வந்துருச்சு.

லிவர் டாக்டர் சி.டி.ய போட்டு பாத்துட்டு முதல்ல கேட்டது, "இவனுக்கு சிரோசிஸ் இருக்குன்னு யார் சொன்னது?" யாரும் சொல்லல சார்னோம். அப்பறம் பொறுமையா சொன்னாரு. சிரோசிஸ் இருக்கறவங்களுக்கோ நாள்பட்ட ஹெபடைடிஸ் பி இருக்கறவங்களுக்கோ சி.டி.ல ஒரு கட்டி முதல் கட்டத்துல பளிச்சுன்னு ஏறி அப்பறம் மங்கிப் போனா பயாப்சியே இல்லாம லிவர் கேன்சர்னு சொல்லிடலாம், அதுக்குன்னு ஒரு ஸ்கோரிங் முறை இருக்கு. ஆனா லிவர் நல்லா இருக்கறவனுக்கு அந்த ஸ்கோர் செல்லவே செல்லாது, ஏன்னா வேற பல கட்டியும் அப்படியே நடிக்கும். ரெண்டாவது இடத்து ரிப்போர்ட்ல அந்த ஸ்கோர் போட்டு அஞ்சுன்னு எழுதி இருந்தாங்க. நாங்க அத பாத்து பயந்து போய் இருந்தோம்.

எம்.ஆர்.ஐ. புதுசா எடுத்தாங்க, லிவர் செல்லுக்குள்ள போற ஸ்பெஷல் கான்ட்ராஸ்ட் போட்டு. இதுல ரேடியாலஜி டாக்டர் ஒருத்தர், ரிப்போர்ட் அடிச்சு அனுப்பாம நேர்ல கூப்பிட்டு ஸ்க்ரீன்ல காட்டுனாரு. சாதா கட்டியான எஃப்என்ஹெச்லயும் நடுத் தழும்பு இருக்கும், அது டி2ங்கற படத்துல பெரும்பாலும் வெள்ளையா தெரியும், அந்த ஸ்பெஷல் மருந்தையும் கட்டி உள்ள வாங்கி வச்சுக்கும். இவனுக்கு தழும்பு கறுப்பா இருக்கு, மருந்த வாங்கல, உள்ள சுண்ணாம்பு புள்ளி வேற இருக்கு, பக்கத்துல நெறி கட்டி வீங்கி இருக்கு. "எனக்கு ஃபைப்ரோலமெல்லார்னு, அதாவது அபூர்வமான ஒரு லிவர் கேன்சர்னு தோணுது, ஆனா முடிவு சொல்ல வேண்டியது நான் இல்ல, பேத்தாலஜி"ன்னாரு. எனக்கு தோணுது, ஆனா முடிவு என் கைல இல்லன்னு சொல்ற டாக்டர இந்த அலைச்சல்ல அன்னிக்குத்தான் பாத்தேன்.

பேத்தாலஜிஸ்ட், அதாவது எடுத்த சதைய மைக்ராஸ்கோப்ல பாத்து நோய்க்கு பேர் சொல்ற டாக்டர். இவங்களுக்காகத்தான் இந்த ரிவ்யூவே. பொதுவா பேஷன்ட் யாரும் இவங்கள பாக்கவே மாட்டோம், கையெழுத்து மட்டும்தான் வரும். இங்க நாங்க கேட்டுக்கிட்டதுக்காக கூப்பிட்டு, ரெண்டு பேர் ஒரே நேரத்துல பாக்கற மைக்ராஸ்கோப்ல பையனையே உக்கார வச்சு காட்டுனாங்க. பெரிய பெரிய ரோஸ் கலர் செல்லு, ஒவ்வொன்னுலயும் நடுவுல கண்ணு மாதிரி ஒரு புள்ளி, நடுநடுவுல நார் வரிசை வரிசையா பாத்தி கட்டுன மாதிரி. முதல் ரிப்போர்ட் எழுதுனவங்க லிவர் செல்லுலேர்ந்து வந்த கேன்சர்னு சொன்னது தப்பு இல்ல, ஆனா அந்த நார கவனிக்கலன்னாங்க. நாங்க கொண்டு போன ப்ளாக்லேர்ந்தே சீவி சிகே7, சிடி68னு ரெண்டு ஸ்டெயின், அதாவது செல்லோட வகைய காட்டற சாயம், போட்டாங்க, ரெண்டும் பாசிட்டிவ். சாதாரண லிவர் கேன்சர்ல இந்த ரெண்டும் சேந்து பாசிட்டிவ் வர்றது ரொம்ப அபூர்வம். திரும்ப ஊசி போடவே இல்ல. ப்ளாக் இல்லாம போயிருந்தா இன்னொரு தடவை குத்தி எடுத்திருக்கணும்.

அதோட விடல. ஃபிஷ்னு ஒரு ஜீன் டெஸ்ட், வெளிய லேபுக்கு அனுப்புனாங்க. 19வது க்ரோமோசோம்ல ஒரு துண்டு காணாம போய், டிஎன்ஏஜேபி1, பிஆர்கேஏசிஏன்னு தூரத்துல இருந்த ரெண்டு ஜீன் ஒட்டிக்கிட்டு ஒண்ணா வேலை செய்ய ஆரம்பிச்சிரும், அதுதான் இந்த கேன்சரோட கையெழுத்து. அதுலயும் ஒரு எச்சரிக்கை சொன்னாங்க, பித்தக் குழாய், கணையத்துல வர்ற ஒரு அபூர்வ கட்டிலயும் இதே ஜீன் ஒட்டல் இருக்கு, அதனால ஜீன் ரிசல்ட்ட மட்டும் தனியா படிச்சு முடிவு பண்ணக் கூடாது, மைக்ராஸ்கோப்ல பாத்ததோட சேத்துதான் படிக்கணும்னு. ரிசல்ட் வர ரொம்ப இழுத்துச்சு, அதுக்கு இவங்கள குறை சொல்ல முடியாது. ஆனா அந்த டெஸ்ட்டுக்கு காசு கவுன்ட்டர்ல கட்டுன அப்பறம்தான் இன்சூரன்ஸ்ல வராதுன்னு சொன்னாங்க. அட்மிஷன் இல்லாம எடுத்த டெஸ்ட்டாம். முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லி இருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்.

பேர் வந்துருச்சு: ஃபைப்ரோலமெல்லார் கார்சினோமா. லிவர்ல தொடங்கற கேன்சர்ல நூத்துல ஒண்ணு கூட தேறாது. 1956ல எட்மண்ட்சன்ங்கற அமெரிக்க டாக்டர் முதல்ல எழுதுனது, அவரு பாத்த பேஷன்ட்டுக்கு வயசு 14. வர்றதே பெரும்பாலும் 10லேர்ந்து 35 வயசுக்குள்ள இருக்கறவங்களுக்கு, அதுவும் லிவர்ல வேற எந்த கோளாறும் இல்லாதவங்களுக்கு. குடி காரணம் இல்லன்னு டாக்டர் வாயால கேட்டதும் மச்சான் அழுதுட்டாரு. அது வரைக்கும் அவரு மனசுல ஒரு ஓரமா பையன் மேல சந்தேகம் இருந்திருக்கு போல, பாவம்.

இங்க ஒரு சர்ச்சை. அக்கா, பையன்கிட்ட கேன்சர்னு சொல்லவே கூடாது, கட்டின்னு மட்டும் சொல்லுங்க டாக்டர்னு கெஞ்சுச்சு. டாக்டர் மரியாதையா மறுத்துட்டாரு. "அம்மா, அவருக்கு 21 வயசு, உடம்பு அவரோடது, கையெழுத்து போடப் போறதும் அவரு. நீங்க எல்லாரும் கூட இருக்கும்போதே சொல்றேன்." சொன்னாரு, முழுசா சொன்னாரு, திரும்பி வர வாய்ப்பு அதிகம்ங்கறதையும் சேத்து. அக்கா இன்னிக்கும் அந்த டாக்டர் மேல கோவமா இருக்கு. நான் டாக்டர் பக்கம். ஏன்னா அன்னிக்கு ராத்திரி லாட்ஜ்ல மாப்ள போன நோண்டிட்டு இருந்தவன் திடீர்னு, "மாமா, இந்த ஜீன கண்டுபிடிச்சதுல ஒரு பொண்ணு இருக்கு மாமா, அதுக்கே இதே கேன்சர்"னான். உண்மைதான். எலானா சைமன்னு ஒரு அமெரிக்க பொண்ணு, 12 வயசுல இதே கேன்சர் வந்து ஆபரேஷன் ஆகி, அப்பறம் நியூயார்க்ல ராக்கஃபெல்லர் யுனிவர்சிட்டில அவங்க அப்பாவோட லேப்ல சேந்து வேலை பாத்து, மத்த பேஷன்ட்டுங்க குடுத்த கட்டிய வச்சு சோதிச்சதுல 15 கட்டில 15லயும் இந்த ஜீன் ஒட்டல் இருந்துச்சு. 2014ல சயின்ஸ் பத்திரிகைல வந்தப்ப அவங்களுக்கு 18 வயசுதான். மறைச்சு வச்சிருந்தா இவன் இத தேடி இருக்கவே மாட்டான், கட்டி கட்டின்னு சுவத்த பாத்துட்டு படுத்திருப்பான்.

வெயிட்டிங் ஹால் பத்தியும் சொல்லணும், ஏன்னா அங்க உக்காந்திருந்ததுல நான் படிச்சது நெட்ல படிச்சத விட அதிகம். நாற்காலி பத்தாது, டோக்கன் நம்பர் டிவில வராது, பேர சத்தமா கூப்பிடுவாங்க, காலைல 9 மணி அப்பாயின்ட்மென்ட்டுக்கு மதியம் சாப்பாடு தாண்டும். அதனால எல்லாரும் எல்லாரோட கதையையும் பேசிடுவோம். ஒரு அம்மா, நாப்பது வயசு இருக்கும், லிவர் முழுக்க சின்னச் சின்ன உருண்டையா இருக்கு, வேற எங்கயோ இருந்து பரவி வந்த கேன்சர்னு சொல்லி மேல கீழ எல்லாம் ட்யூப் விட்டு, மார்பு ஸ்கேன் எல்லாம் எடுத்து எங்கயும் ஒண்ணும் கெடைக்கலையாம். இங்க ஸ்டெயின் போட்டு பாத்தா எபிதெலியாய்டு ஹெமாஞ்சியோஎண்டோதீலியோமா, பேர சொல்லவே அவங்களுக்கு பழக்கம் ஆக நாளாச்சு. லிவர்லயே ரத்தக் குழாய் செல்லுலேர்ந்து வர்றது. சில பேருக்கு வருஷக் கணக்கா அப்படியே நிக்கும், அப்ப வெறுமனே பாத்துட்டே இருக்கலாம், சில பேருக்கு வேகமா ஓடும், லிவர் முழுக்க இருந்தா ட்ரான்ஸ்பிளான்ட் வரைக்கும் போகலாம். எங்களுக்கு ட்ரான்ஸ்பிளான்ட் வேணாம்னு சொன்ன அதே டாக்டர் அவங்களுக்கு ட்ரான்ஸ்பிளான்ட்டுக்கு தயாரா இருங்கன்னு சொல்லி இருக்காரு. பேர் மாறுனா வைத்தியமே தலைகீழா மாறுது பாருங்க.

இன்னொரு பெரியவரு, அவருக்கு ஏஎஃப்பியும் ஏறி இருக்கு, பித்தக் குழாய் கேன்சருக்கு பாக்கற சிஏ 19-9ம் ஏறி இருக்கு. ஒரே கட்டில ரெண்டு வகையும் கலந்திருக்காம். ஊசி ஒரு பக்கம் குத்துனா ஒரு வகை மட்டும்தான் சிக்கும், அதான் ரெண்டு டெஸ்ட்டும் முட்டும்போது சந்தேகப்படணும். அப்பறம் ரெண்டு வயசு குட்டிப் பாப்பா ஒண்ணு, ஹெபட்டோப்ளாஸ்டோமா, சின்னக் குழந்தைங்களுக்கு வர்ற லிவர் கேன்சர். அதுக்கு ஏஎஃப்பி லட்சக்கணக்குல. அங்க முறையே வேற, முதல்ல சிஸ்ப்ளாட்டின் கீமோ குடுத்து சுருக்கிட்டு அப்பறம் ஆபரேஷன். சிஸ்ப்ளாட்டின் காத பாதிக்கும்ங்கறதால கீமோ முடிஞ்சு 6 மணி நேரம் கழிச்சு சோடியம் தயோசல்ஃபேட் விடுறாங்கன்னு அந்த பாப்பாவோட அப்பா எனக்கு வகுப்பு எடுத்தாரு. லாரி டிரைவர் அவரு. அந்த மருந்தோட பேர அவரு சொன்ன தெளிவுல எந்த ஹவுஸ் சர்ஜனும் சொல்ல மாட்டான்.

ட்யூமர் போர்டுன்னு ஒரு மீட்டிங் வைக்கறாங்க, சர்ஜன், லிவர் டாக்டர், கேன்சர் டாக்டர், ரேடியாலஜி, பேத்தாலஜி எல்லாரும் ஒரு ரூம்ல உக்காந்து. பல ஹாஸ்பிடல்ல இது போர்டுல எழுதி தொங்க விட மட்டும்தான் இருக்கும். இங்க நிஜமா நடக்குது, நடந்து முடிஞ்சதும் முடிவ ஒரு பக்கத்துல எழுதி கைல குடுக்கறாங்க, ஏன் டேஸ் வேணாம், ஏன் ட்ரான்ஸ்பிளான்ட் வேணாம்னு காரணத்தோட. வெட்டி எடுக்க முடிஞ்ச ஃபைப்ரோலமெல்லாருக்கு ஆபரேஷன்தான் முதல் வைத்தியம், நெறி கட்டியையும் சேத்து வழிச்சு எடுக்கணும், ஏன்னா இந்த வகை நெறிக்கு போறதுல கெட்டி. வலது பக்க லிவர எடுத்தா மிச்சம் 30 சதவீதத்துக்கு மேல நிக்கும்னு சி.டி.ல அளந்து சொன்னாங்க, நல்ல லிவருக்கு 25 இருந்தாலே சமாளிச்சிரும், சிரோசிஸ் இருந்தா 40 வேணும். இவனுக்கு லிவர் நல்லா இருந்தது இங்கதான் கை குடுத்துச்சு.

ஆபரேஷன் நாள் பத்தி எழுத எனக்கு பெருசா ஒண்ணும் இல்ல, காலைல உள்ள போனான், பொழுது சாஞ்சு சர்ஜன் வெளிய வந்து தொப்பிய கழட்டி "கட்டி முழுசா வந்துருச்சு, ஓரம் க்ளீனா இருக்கற மாதிரி தெரியுது, ஃபைனல் ரிப்போர்ட் வரட்டும்"னாரு. ஐசியூ நர்ஸுங்க தங்கம். ட்ரெய்ன் ட்யூப்ல கொஞ்ச நாள் பித்த நீர் கசிஞ்சுச்சு, அதுவே நின்னுருச்சு. ஃபைனல் ரிப்போர்ட்ல ஓரம் க்ளீன், நெறில ஒண்ணு பாசிட்டிவ். கீமோ குடுப்பீங்களான்னு கேட்டதுக்கு கேன்சர் டாக்டர், ஆபரேஷனுக்கு அப்பறம் குடுத்தா இதுக்கு பலன் இருக்குன்னு நிரூபிச்ச மருந்து இப்போதைக்கு இல்ல, சும்மா குடுத்து உடம்ப கெடுக்க மாட்டேன்னாரு. குடுத்திருந்தா ஹாஸ்பிடலுக்கு வருமானம். திரும்பி வந்தா என்ன பண்ணுவீங்கன்னும் கேட்டோம், முடிஞ்சா மறுபடியும் வெட்டி எடுக்கறது, இல்லன்னா மருந்துங்க, அமெரிக்கால ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல அந்த ஜீன் ஒட்டலயே குறி வச்சு ஒரு வேக்சின இம்யூனோதெரபியோட சேத்து சோதிச்சிட்டு இருக்காங்க, அது எங்க கைல இன்னும் இல்லன்னு உள்ளத உள்ளபடி சொன்னாரு.

டிஸ்சார்ஜ் சம்மரில ஒரு வரி பெரிய எழுத்துல அடிச்சிருந்தாங்க: குழப்பமா பேசுனாலோ, தூங்கிட்டே இருந்தாலோ, லிவர் டெஸ்ட் நார்மலா இருந்தாலும் உடனே ரத்தத்துல அம்மோனியா பாக்கவும். இந்த கேன்சர் இருக்கறவங்கள்ல சில பேருக்கு லிவர் நல்லா வேலை செய்யும்போதே அம்மோனியா ஏறுமாம், ஊர்ல கேஷுவால்டில இருக்கறவங்களுக்கு அது தோணாது, வழக்கமா குடுக்கற பேதி சிரப்பு மட்டும் போதாது, வேற மருந்து வேணும், அதனால இந்த பேப்பர எப்பவும் பையில வச்சுக்கங்கன்னாங்க. அக்கா அத லேமினேட் பண்ணி பூஜை ரூம்ல ஒண்ணு, பையன் பர்ஸ்ல ஒண்ணு.

இப்ப திட்டு. பில்லிங். ஆரம்பத்துல ஒரு எஸ்டிமேட் குடுத்தாங்க, பேக்கேஜ்னு அழகா பேரு. ஐசியூல கூட இருந்த நாள் தனி, ரத்தம் தனி, ஆபரேஷன்ல வெட்டறதுக்கு யூஸ் பண்ண மெஷினோட முனை தனி. ஒவ்வொன்னும் நியாயமாத்தான் இருக்கும், ஆனா முன்னாடியே சொல்லித் தொலைய வேண்டியதுதானே? இன்சூரன்ஸ் டெஸ்க்ல உக்காந்திருக்கறவரு எங்கள நிமிந்தே பாக்கல, டிஸ்சார்ஜ்னு காலைல சொல்லி ராத்திரி வரைக்கும் அப்ரூவல் வரலன்னு உக்கார வச்சாங்க, வயித்துல தையலோட பையன் சக்கர நாற்காலில. மச்சான் நகைய வச்சுட்டுத்தான் ஊர் திரும்புனாரு. காசு முடியாதவங்க கவர்மென்ட் ஆஸ்பத்திரிய தள்ளிடாதீங்க, ஸ்டான்லில லிவர் ஆபரேஷனும் ட்ரான்ஸ்பிளான்ட்டும் பண்றாங்க, முதலமைச்சர் காப்பீட்டு திட்ட கார்டு இருந்தா குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் கவர் ஆகும். முதல்லயே அங்க போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு இங்க வரலாம்னு இப்ப கேக்கறவங்ககிட்ட சொல்றேன்.

ரேட்டிங் கேட்டா, பேத்தாலஜிக்கு அஞ்சுக்கு அஞ்சு, டாக்டருங்களுக்கு அஞ்சு, நர்ஸுங்களுக்கு அஞ்சு, காத்திருக்க வைக்கறதுக்கு ரெண்டு, பில்லிங்குக்கு ஒண்ணு, அதுவும் அங்க வேலை பாக்கற ஒரு பொண்ணு தண்ணி பாட்டில் குடுத்ததுக்காக. கேன்டீன் தோசை ரப்பர், எதுத்த தெருவுல ஆந்திரா மெஸ் இருக்கு, பேஷன்ட் கூட இருக்கறவங்களுக்கு அதுதான் கதி.

இப்ப முதல் ரெண்டு வருஷத்துக்கு மூணு நாலு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுக்க போயிட்டு இருக்கோம், இது வரைக்கும் எடுத்ததுல ஒண்ணும் இல்ல. அப்பாயின்ட்மென்ட் போட ஆப்ப நம்பாதீங்க, அதுல லிவர் ட்யூமர் க்ளினிக்னே ஒரு ஆப்ஷன் கெடையாது, வேற கேஸ்ட்ரோ டாக்டர்கிட்ட கொண்டு போய் விட்டுரும், கோஆர்டினேட்டர் நம்பருக்கே நேரா மதியம் 3 மணிக்கு மேல கூப்பிடுங்க, காலைல எடுக்க மாட்டாங்க. பழைய ஸ்கேன் சிடிய ஒவ்வொரு தடவையும் கொண்டு போங்க, அவங்க சிஸ்டத்துலயே இருக்கும்னு சொல்லுவாங்க, இருக்காது.